ஆலைக்காரம்மா வெள்ளிக்கிழமை சாகிறாள்

அத்தியாயம் 23

போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக நாலு வரி. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறார்கள். பெரியவள் பதினொரு வருஷமாக எழுதுகிறவள். சின்னவள் எட்டு மாதமாகத்தான். சீரியலின் ஆலைக்காரம்மா சாகப்போகிறாள் என்று முடிவானதும், அந்தச் சாவு சீனைச் சின்னவளே எழுதட்டும் என்று டைரக்டர் ஃபோனில் சொன்னார் அல்லவா? அங்கேதான் விட்டோம்.

ஃபோனை வைத்ததிலிருந்து பெரியவளுக்கு வயிறு எரிந்தது. நெஞ்செரிச்சலாக இருக்கும் என்று அவள் புருஷன் மாத்திரை எடுத்துக் கொடுத்தான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினில் சத்தம் வந்தால் எங்கே கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். பெண்டாட்டி விஷயத்தில் அந்தக் காது வேலை செய்வதில்லை.

இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை.

பெரியவள் இதுவரை பதினாலு பேரைச் சாகடித்திருக்கிறாள். சீரியலில்தான், பயப்பட வேண்டாம். மாமனார்கள், மச்சினர்கள், திருந்திய வில்லன்கள், திருந்தாத வில்லிகள். சாகிறவர் வாயில் என்ன வசனம் வைப்பது என்பதில் அவள்தான் கைதேர்ந்தவள் என்று பேர். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: சாகிறவர் ரகசியத்தைச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும், ஆனால் சொல்லி முடிக்கக் கூடாது. "இந்த உண்மையைச் சொல்லாம செத்தா என் கட்டை வேகாதுடா... அவன் யார் தெரியுமா... அவன்..." அவ்வளவுதான், தலை சாய்ந்துவிடும். பெயர் நாக்கு நுனி வரை வரும், வெளியே வராது. ஒவ்வொரு சாவிலும் ஆறு மாதத்துக்குக் கதை கிடைக்கும்.

அப்படி இருந்தவளுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தது. அந்த மூன்று நாளும் சின்னவளே எழுதினாள். அதில் ஆலைக்காரம்மாவின் கிழட்டு டிரைவர் சாகிற சீனும் இருந்தது. முப்பது வருஷம் அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டிய மனுஷன், ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்ணைத் திறந்து முதலாளியம்மாவைப் பார்க்கிறான். ரகசியம், சாபம், சத்தியம் எதுவும் இல்லை. "வண்டிச் சாவிய ஆணியில மாட்டியிருக்கேம்மா" என்கிறான். செத்துப்போகிறான்.

இதெல்லாம் ஒரு வசனமா என்றுதான் போர்வைக்குள் இருந்தபடி பெரியவள் நினைத்தாள். ஆனால் அடுத்த நாள் ஊரே அதைச் சொன்னது. கடைக்காரர் சொன்னார், பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள், டிவி ஆபீசுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. அது கூடப் போகட்டும். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

என் பதினாலு சாவுக்கும் இந்த மனுஷன் ஒரு தும்மல் கூடப் போட்டதில்லையே. அன்றைக்குப் பிடித்த எரிச்சல் அவளுக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், சின்னவளை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே பெரியவள்தான். டைப் அடித்து விரல் வலிக்கிறது, துணைக்கு ஒரு கை இருக்கட்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். கொழுந்தன் கப்பலில் சமையல்காரன், வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பவன். சின்னவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று நினைத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

இன்றைக்குக் காலை ஏழரை மணிக்குச் சின்னவள் மூன்று பக்கத்தோடு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். தலை கூட வாரவில்லை.

"அக்கா, முடிச்சிட்டேன். நல்லா இருக்கா, இல்ல குப்பையான்னு தெரியல. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. குப்பைன்னா இப்பவே கிழிச்சிடலாம்."

"வை, பாக்கறேன்."

"ஒம்பதரைக்குள்ள அனுப்பணுமாம்க்கா. அந்தம்மாவுக்கு மூணு மணிக்கு ஃபிளைட். பொண்ணு பிரசவத்துக்குப் போறாங்க. இனிமே வரமாட்டாங்களாம்."

அந்தம்மா என்பது ஆலைக்காரம்மாவாக நடிக்கும் நடிகை. இன்றோடு அவர் கணக்கு முடிகிறது. அதனால்தான் இந்த அவசரச் சாவு. வெள்ளிக்கிழமை டிவியில் வந்துவிடும்.

இவர்கள் வேலை செய்கிற முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படிக்க வேண்டும். படித்துத் திருத்தி, கடைசிப் பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஃபோனில் படம் பிடித்து அனுப்புவார்கள். 'பார்த்தேன்' இருந்தால் ஷூட்டிங்கில் ஒருத்தரும் ஒரு சொல்லை மாற்ற மாட்டார்கள். டைரக்டர் ஒரே சமயத்தில் இரண்டு சீரியல் எடுப்பவர். அதனால் அவருக்கு 'ரெட்டைக் குதிரை' என்று பட்டப்பெயரே உண்டு. உட்கார்ந்து படித்துப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

சின்னவள் காபி போட எழுந்து போனாள். பெரியவள் பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தாள்.

ஆஸ்பத்திரி அறை. கட்டிலில் ஆலைக்காரம்மா. வலது பக்கம் அவள் தங்கை. இடது பக்கம் இரவெல்லாம் கண் விழித்து வைத்தியம் பார்த்த டாக்டர் பெண். இந்த டாக்டர் பெண் யார் என்பதுதான் நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடாகத் தொடரும் ரகசியம். அவள் அந்தத் தங்கை பெற்ற பெண். பிறந்ததுமே செத்துவிட்டது என்று தங்கையிடம் பொய் சொல்லி, குழந்தையை எங்கோ கொடுத்துவிட்டவள் ஆலைக்காரம்மா. தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு வருஷமாகப் பெரியவள் மறைத்துக்கொண்டிருந்தாள். ஆலைக்காரம்மா எழுதி வைத்த கடிதம் ஒன்று பேங்க் லாக்கரில் இருக்கிறது. அது கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று திட்டம்.

மூன்றாவது பக்கத்துக்கு வந்தாள்.

ஆலைக்காரம்மா கண்ணைத் திறக்கிறாள். டாக்டர் பெண்ணைப் பார்க்கிறாள். பிறகு தங்கை பக்கம் திரும்பிச் சொல்கிறாள்: "உன் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. முதல்ல அவளைச் சாப்பிட வை."

அவ்வளவுதான். கண் மூடிவிடுகிறது.

பெரியவள் கையில் இருந்த பென்சிலை மறந்தாள். சத்தியமாக மறந்தாள். குழந்தையைப் பிரித்த பாவி, சாகும்போது அதன் பசியைப் பார்க்கிறாள். பாவமன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது, அழுகை கிடையாது. எங்கிருந்து வருகிறது இவளுக்கு? தலை கூட வாராமல் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு?

இரண்டாவது முறை படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

உன் பொண்ணு.

தங்கையிடம், அந்த டாக்டர் பெண்ணின் எதிரிலேயே, உன் பொண்ணு என்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு எபிசோட் ரகசியமும் அந்த ஒரு வாயில் போய்விட்டது. சொல்லாமல் சாக வேண்டியவள் சாப்பாட்டுப் பேச்சில் சொல்லிவிட்டுச் சாகிறாள்!

சின்னவள் வேண்டுமென்று எழுதவில்லை. பெரியவளுக்கு உடனே புரிந்தது. இந்த வீட்டில் டாக்டர் பெண்ணை யாரும் டாக்டர் என்று சொல்வதில்லை. "தங்கச்சி பொண்ணுக்கு இன்னைக்கு எத்தனை சீன்?", "தங்கச்சி பொண்ண அழவிட்டாச்சா?" என்றுதான் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பேச்சு. ரகசியத்தை எழுதுகிறவர்களுக்கே அது ரகசியம் என்பது மறந்துபோய்விட்டது. இப்படி ஒரு தப்பு உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் நடக்காது.

திருத்துவதற்கு ஒரு சொல் போதும். உன் பொண்ணு என்பதை இந்தப் பொண்ணு என்று மாற்றினால் முடிந்தது. ரகசியமும் பிழைக்கும், வசனமும் பிழைக்கும். சொல்லப்போனால் வசனம் இன்னும் நன்றாக இருக்கும். பென்சில் அந்த இடத்துக்குப் போயும் விட்டது.

அப்போது பார்த்துப் புருஷன் குளித்துவிட்டு வந்தான்.

"சின்னவ எழுதிட்டாளா? எங்க, அந்தச் சாவு வசனத்த மட்டும் படி, கேப்போம்."

"எதுக்கு?"

"சும்மாதான். ஆணியில சாவி மாட்டின மாதிரி இதுலயும் ஏதாவது வச்சிருப்பா. டிப்போவுல எல்லாரும் கேக்கறானுங்க."

"டிப்போவுல பஸ் பாக்கறீங்களா, சீரியல் பாக்கறீங்களா?"

"ரெண்டுந்தான். ஏன், உனக்கு இன்னும் எரியுதா? மாத்திரை போட்டியா?"

பதினொரு வருஷம். ஒரு நாளாவது, எங்க படி கேப்போம் என்று இந்த வாய் சொன்னதுண்டா? பெரியவள் கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்தாள். திருத்தினால் வெள்ளிக்கிழமை ஊரே அழும். இவனும் துண்டைத் தேடுவான். சின்னவளுக்குப் பேர். திருத்திய ஒரு சொல்லை யாருக்குத் தெரியும்? டைட்டிலில் 'வசனம்' என்பதற்குக் கீழே ஒற்றையாக நிற்கிற தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இது நகர்ந்து அது நிற்கும்.

திருத்தாவிட்டால்?

'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா, என்ன? சுமாரா இருக்கா?" சின்னவள் காபியோடு வந்து நின்றாள்.

"நல்லா இருக்கு. அனுப்பிடு."

"நிஜமாவாக்கா? எங்கயும் திருத்தவே இல்லையே நீங்க?"

"திருத்தறதுக்கு என்ன இருக்கு இதுல?"

சின்னவள் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவள் காபியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பகல் பன்னிரண்டரைக்குத் துணை டைரக்டர் ஃபோன் செய்தான். சீன் முடிந்ததாம். ஒரே டேக். லைட் பிடிக்கிறவர் வரைக்கும் எல்லாரும் அழுதார்களாம். சின்னவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கூச்சத்தில் நெளிந்தாள். பெரியவள் கீரையை நறுக்கினாள். கட்டுக் கட்டாக நறுக்கினாள், நாலு வீட்டுக்கு ஆகும்.

இரண்டு மணிக்கு டைரக்டரே ஃபோன் செய்தார். "ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

"பாராட்டக் கூப்பிடறாரோ அக்கா?" என்று டாக்சியில் கேட்டாள் சின்னவள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பாராட்டினால் அக்காதான் எல்லாம் என்று சொல்லப்போகிறாளாம். பெரியவள் தெருவை வேடிக்கை பார்த்தாள்.

ஷூட்டிங் நடக்கும் வாடகை பங்களாவில், ஆஸ்பத்திரி அறையாக மாற்றிய ஹாலில் கட்டில் அப்படியே கிடந்தது. குளுகோஸ் பாட்டில் தொங்கியது. அந்தக் கட்டில் மேலேயே டைரக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரில் டிவி பெட்டி.

"பாருங்க" என்று ஓடவிட்டார்.

நடிகை கண்ணைத் திறந்தார். வசனத்தைச் சொன்னார். சொன்னதோடு விட்டிருந்தால் வார்த்தையை மட்டும் வெட்டி வேறு குரல் போட்டிருக்கலாம். அனுபவம் முற்றிய நடிகை அல்லவா? உன் பொண்ணு என்ற இடத்தில் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, டாக்டர் பெண்ணின் கையில் வைத்து, தன் கையால் மேலே மூடிவிட்டார். தங்கையாக நடித்தவளும் விடவில்லை. "அக்கா!" என்று ஓர் அலறல் அலறி, அந்தப் பெண்ணின் முகத்தைத் தடவிக்கொண்டே சரிந்தாள். ஒரே ஷாட். எங்கே கத்தி வைப்பது?

சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயோ சார்... உன் பொண்ணுன்னு போட்டுட்டேன்..."

"போட்டுட்டீங்க. நான் அடுத்த செட்ல இருந்தேன். இவனுங்க எல்லாம் அழுதுட்டு இருந்தானுங்க. அந்தம்மா ஏர்போர்ட் போயாச்சு. டிவிக்காரங்க வெள்ளிக்கிழமை சாவுன்னு விளம்பரம் போட்டாச்சு. ஒரு வருஷக் கதைம்மா. ஒரே வாயில முடிச்சு விட்டுட்டீங்க." டைரக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தாளை நீட்டினார். "நீங்க புதுசு, தெரியாம எழுதிட்டீங்க. சரி. கீழ பார்த்தேன்னு ஒரு கையெழுத்து இருக்கே. பெரியம்மணி, என்னத்தப் பார்த்தீங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். சரளமாக ஒரு பொய்யைத் தயார் செய்துதான் கொண்டுவந்திருந்தாள். அதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா மேல தப்பில்ல சார். அவங்களுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல, வயித்து எரிச்சல். படிக்க வேணாம், சும்மா கையெழுத்து மட்டும் போடுங்கன்னு நான்தான் அவசரப்படுத்தினேன். அவங்க இதப் படிக்கவே இல்ல."

டைரக்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப இனிமே நீங்க எழுத வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா எழுதறீங்க. ஆனா சீரியலுக்கு நல்லா எழுதினா மட்டும் பத்தாது."

சின்னவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பெரியவளும் பின்னால் வந்தாள். வராந்தாவில் செருப்பு மாட்டும்போது சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தாள்.

"பரவால்லக்கா. உங்க பேர் கெடாம இருந்தா போதும். எனக்கு என்ன, எட்டு மாசந்தானே. நீங்க பதினோரு வருஷம் கஷ்டப்பட்டவங்க."

நினைத்தது நடந்துவிட்டது. நினைத்ததைவிடச் சுலபமாகவே நடந்துவிட்டது. டைட்டிலில் ஒற்றைப் பெயர்தான் நிற்கும். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. வயிறு முன்னைவிட எரிந்தது. வசனத்தில் சின்னவள் ஜெயித்தாள், சரி. புருஷனை அழ வைத்தாள், அதுவும் சரி. இப்போது நல்லவளாக இருப்பதிலும் இவளே ஜெயித்துவிட்டுப் போகிறாளே! நாளைக்கு இது வீட்டுக்குத் தெரியும். அக்காவுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள் என்று புருஷன் துண்டை எடுப்பான். இவள் போட்ட பிச்சையில் என் பேர் நிற்க வேண்டுமா? ஆயுசுக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நான் எழுத வேண்டுமா?

மனச்சாட்சி என்று சொல்லிப் பெரியவளுக்கு மரியாதை செய்யலாம். ஆனால் வாசகர்களிடம் பொய் சொல்லக்கூடாது. அவளைத் திரும்ப உள்ளே நடக்க வைத்ததும் அதே பொறாமைதான்.

"சார்."

டைரக்டர் நிமிர்ந்தார்.

"அவ சொன்னது பொய். நான் படிச்சேன். ஒரு தடவையில்ல, ரெண்டு தடவை. தப்பு கண்ணுல பட்டுச்சு. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரிஞ்சேவா? ஏம்மா?"

பெரியவள் பதினாலு பேருக்கு வசனம் எழுதியவள். தனக்கென்று ஒன்று தேடினாள், கிடைக்கவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னாள்.

"அந்த வரி ரொம்ப நல்லா இருந்துச்சு சார். எனக்கு அப்படி வராது. அதான்."

டைரக்டரின் பார்வை அவள் தோளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போயிற்று. பெரியவள் திரும்பினாள்.

சின்னவள் வாசலில் நின்றிருந்தாள். டாக்சி வந்துவிட்டது என்று சொல்ல வந்தவள். ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். அக்காவும் கவனிக்காமல்தான் விட்டிருப்பாள் என்று மனசார நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் பெரியவளுக்குத் தெரிந்தது. திட்டட்டும் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டிவிட்டால் இரண்டு பேரும் சமம் ஆகிவிடலாம்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "எனக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு எபிசோட் வேணும். அம்மாவும் பொண்ணும் சேர்ந்தாச்சு. இனிமே இந்தக் கதையில என்ன நடக்கும்னு எனக்கே தெரியல. உங்கள்ல யார் எழுதுவீங்களோ, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

சின்னவள் குனிந்து இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். நிதானமாக வாரை இழுத்து விட்டாள்.

"வண்டி நிக்குது, நீங்க போங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்."

அவள் போன பிறகும் பெரியவள் அங்கேயே நின்றாள். என்னவோ குறைந்தது, என்னவென்று உடனே பிடிபடவில்லை. படியிறங்கிக் கேட்டுக்கு வந்து டாக்சிக் கதவில் கை வைத்தபோதுதான் பிடிபட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில், அக்கா என்று கூப்பிடாமல் சின்னவள் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.